கையுறை என்று பெயர் வைத்த பவளம்

மார்ச் 4, புதன்

குழுவில் மறுபடி சண்டை. வீட்டில் கடல்தொட்டி வைத்திருக்கிற நாற்பது சொச்சம் பேர் இருக்கிற குழு, வாரத்துக்கு ஒரு சண்டை இல்லாவிட்டால் தூக்கம் வராது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் படம் போட்டு, "என் நங்கூரப் பவளம் எப்படி?" என்று கேட்டார். அடுத்தவர் அது சுத்தியல் என்றார். இரண்டும் ஒரே உயிர்தான். கடைக்குக் கடை ஒரு பெயர். அதே சமயம் "மூளை" என்று விற்கிறார்களே, அந்த ஒரு பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து பவளங்கள் அடைந்து கிடக்கின்றன. அறிவியல் பெயரை எழுதி அனுப்பினேன். உடனே ஒருவர், "லத்தீன் டீச்சர் வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று போட்டார். போகட்டும்.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "விஞ்ஞானிங்களே அந்தச் சுத்தியலோட பேரை நடுவுல மாத்திட்டாங்கன்னு நீதானே சொன்ன?" என்றார், சாப்பிட்டுக்கொண்டே. நான் சொல்வதில் இது மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்கும். விஞ்ஞானிகள் மாற்றினால் காரணத்தை எழுதி வைத்து மாற்றுகிறார்கள். கடைக்காரர்கள் எதை எழுதி வைக்கிறார்கள்?

மார்ச் 7, சனி

தொட்டியில் தண்ணீர் மாற்றினேன். உப்பு சரியாக இருக்கிறது. இடுப்புதான் சரியில்லை.

மார்ச் 10, செவ்வாய்

என் மூக்குக்கண்ணாடிக் கடையில் காலையிலிருந்தே கூட்டம். ஒரு பெரியவரை எழுத்துப் பலகை வாசிக்க வைத்துக்கொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான். போன வருடம் நான் வெட்டிக் கொடுத்த பழுப்புப் பொத்தான் பவளம் அவன் தொட்டி முழுக்கப் பரவி, மற்றதையெல்லாம் மூடிவிட்டதாம். பாறையோடு வெளியே எடுத்துக் கொதிக்க வைத்து ஒழித்துவிடப் போகிறானாம்.

"அக்கா, இந்தப் பொத்தானைக் கொதிக்க வச்சா விஷ ஆவி வரும்னு எங்கயோ படிச்சேன்."

"அது பாலிதோவாங்கிற வகைக்கு. உங்கிட்ட இருக்கிறது சோவாந்தஸ். லேபிள்ல எழுதித்தானே குடுத்தேன்?"

"அப்ப செய்யலாமா?"

"தாராளமா செய்."

அவ்வளவுதான் பேச்சு. பெரியவர் நாலாவது வரியோடு நின்றுவிட்டார். பவர் கூட்ட வேண்டும்.

அந்தப் பொத்தான் வந்த கதை சிரிப்பானது, எழுதி வைக்கிறேன். மீன்கடையில் அது இருந்த பெட்டியின் மேல் "கையுறை" என்று எழுதி ஒட்டியிருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கையுறை மாதிரி இல்லை. கேட்டதற்குக் கடைக்காரர், "கையுறை போட்டுத்தான் இதைத் தொடணும்மா. இங்க வேலை செஞ்சவரு வெறும் கையால தேய்ச்சு ரெண்டு நாள் படுத்துட்டாரு. அதான் அப்படியே பேரு வச்சுட்டேன்" என்றார். அவர் முகத்துக்கு நேராகவே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டு, இணையத்தில் இருக்கிற படங்களோடு ஒப்பிட்டு, சோவாந்தஸ் என்று அழியாத மையில் எழுதினேன்.

மார்ச் 15, ஞாயிறு

தம்பி ஆஸ்பத்திரியில். எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் அவன் மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாறையைக் கொதிக்க வைத்திருக்கிறான். மத்தியானம் வாயெல்லாம் கசப்பு. பிறகு குளிர், ஜுரம், இருமல். நான் போய்ச் சேர்ந்தபோது ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச மூச்சு இல்லை அவனுக்கு.

"என்னத்தைக் கொதிக்க வச்சாரு? சரியான பேர் தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார். தம்பி மனைவி, "பொத்தான் பவளம்" என்றாள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். சோவாந்தஸ்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சோவாந்தஸா இருந்தா இவன் ஏன் இப்படிக் கிடக்கான்?

வீட்டுக்கு ஓடினேன். கையுறை போட்டுக்கொண்டு — இப்ப போட்டு என்ன — என் தொட்டியிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சதைக்குள் மணல். பொடிப் பொடியாக மணல். பாலிதோவாதான் மணலைச் சதைக்குள் இழுத்துக்கொள்ளும். சோவாந்தஸில் அது கிடையாது. இதுவும் எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். பார்க்க ரெண்டு நிமிஷம்கூட ஆகல. ஒரு வருஷமா என் வீட்லயே இருக்கு. ஊரார் கண்ணையெல்லாம் பாக்குறவ நான், இதை ஒரு தடவை லென்ஸ் வச்சுப் பாத்தேனா?

டாக்டருக்குப் போன் செய்து பெயரைச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

மார்ச் 16, திங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவு. இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாதாம். மூச்சையும் இதயத்தையும் விடாமல் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான் வழி. பெயர் தெரியாமல் போயிருந்தால் வெறும் ஜுரம் என்று நினைத்திருப்போம் என்றார் டாக்டர். தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, நீங்க மட்டும் இல்லன்னா..." என்று அழுதாள். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

மாற்றமில்லை.

மார்ச் 19, வியாழன்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆக்சிஜன் இல்லாமலே மூச்சு விடுகிறான்.

யாரோ குழுவில் செய்தியைப் போட்டிருக்கிறார்கள். "இஷ்டத்துக்குப் பேர் வச்சு விக்கிறாங்கல்ல, அதோட பலன்." "அந்தக் கடைப் பக்கமே யாரும் போகாதீங்க." "டீச்சர் தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க, நாமதான் கேலி பண்ணோம்." வரிசையாகக் கைதட்டல். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

தம்பி வீடு திரும்பிவிட்டான். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தபோது மெதுவாகச் சொன்னான்: "நீ போன்ல சொன்னதை நான் அவகிட்ட சொல்லல. நீயும் சொல்லாத. கல்யாணமாகி ஆறு வருஷத்துல இப்பதான் உன்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்றா." சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையை எழுதுவதற்குத்தானே இந்த நோட்டு. நிம்மதியாகத்தான் இருந்தது. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 26, வியாழன்

மீன்கடை வழியாகப் போனேன். ஈ காக்கை இல்லை. கடைக்காரர் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தம்பிக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தேன். அந்த மனுஷன் எச்சரிக்கையையே பெயராக எழுதி ஒட்டியிருந்தார். கிழித்தது நான். காலியாகக் கிடப்பது அவர் கடை.

மார்ச் 29, ஞாயிறு

தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவன் குளித்துக்கொண்டிருந்தான். எழுதிய பெயர் தப்பு, கொதிக்க வை என்று சொன்னதும் நான்தான், எல்லாவற்றையும்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. இரண்டு சட்டை மடித்து முடித்த பிறகு கேட்டாள்: "பாத்துட்டுத் தப்பா சொன்னீங்களா, பாக்காமலே சொன்னீங்களா?"

"பாக்காமலே."

"இவருக்கும் தெரியும். அப்படித்தானே?"

தலையாட்டினேன்.

"கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்க அண்ணி." குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2, வியாழன்

குழுவில் எழுதினேன். பத்துப் பதினைந்து தடவை எழுதி அழித்து, கடைசியில் நாலே வரி. கடைக்காரர் சரியாகச் சொன்னார், சிரித்தது நான், பெயரை மாற்றியது நான், கொதிக்க வைக்கச் சொன்னதும் நான். பிறகு ஒருவர், "சரி, எல்லாரும் உட்காரலாம்" என்று போட்டார். பட வேண்டியதுதான்.

கடைக்கும் போனேன். அவர் அதற்குள் படித்துவிட்டிருந்தார். "அன்னிக்கு நான் சொன்னப்ப சிரிச்சீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஆமாங்க, மன்னிச்சுக்குங்க" என்றேன். "மீனுக்குத் தீனி இருக்கா, தீந்துடுச்சா?" என்று கேட்டார். இருந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மே 5, செவ்வாய்

தம்பி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான். மாடிப்படியில் பாதியில் ஒரு முறை நின்று ஏறுகிறானாம். போனில் சொன்னான். அந்த வீட்டு வாசலை நான் மிதித்து ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிறது.

ஜூன் 13, சனி

என் கடை திறந்து அரை மணி இருக்கும். தம்பி மனைவி உள்ளே வந்தாள். தனியாக. மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் முகத்தைப் பார்க்கிறேன்.

"ரொம்ப நாளா தலைவலி. கண்ணைப் பாக்கணும்" என்றாள். அண்ணி என்று கூப்பிடவில்லை. அவள் தெருவிலேயே ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது, அதைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

உட்கார வைத்தேன். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அதுவா என்று கேட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில். வீட்டில் எல்லாரும் எப்படி என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். பவரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"சரியா பாத்தீங்களா?"

பார்த்தேன். சரியாகத்தான் பார்த்தேன். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இன்னொரு தடவை பாத்துடறேன்" என்றேன்.

கைப்பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.