சுடாத கல்

சித்திரை 12, வெள்ளிக்கிழமை. இரவு.

மூன்று வருஷமாக என் பாதங்களில் அடுப்பு எரிந்தது. நீரிழிவு நரம்பைத் தின்கிறது என்றார் டாக்டர். எரிச்சல் திடீரென்று நின்றால் சந்தோஷப்படாமல் அன்றைக்கே வரச் சொன்னார். மேலூர் வைத்தியரின் எண்ணெயைத் தடவினேன். பத்தாம் நாள் எரிச்சல் நின்றது. டாக்டர் நாட்டு வைத்தியர்கள் மேல் உள்ள பொறாமையில் சொல்லியிருப்பார் என்று முடிவு செய்துகொண்டேன்.

இன்று உச்சிவேளையில் அம்மனுக்கு நன்றி சொல்ல மனைவியோடு கோயிலுக்குப் போனேன். மதிலுக்குள் சுற்றி வரும் ஆடி வீதிக் கல்லில் ஜனங்கள் வெறுங்காலோடு குதித்துக் குதித்து ஓடினார்கள். நான் சாவகாசமாக நடந்தேன்.

"கல்லு இம்புட்டுக் கொதிக்குது, ஐயா பூ மேல நடக்குற மாதிரி போறாரே! என்ன பக்தி!" என்று பூக்காரி கும்பிட்டாள்.

"பக்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல ஆத்தா. மேலூர் எண்ணெய்!" என்றாள் மனைவி, குதித்தபடியே.

நான் புண்ணியவானைப் போலப் புன்னகை செய்தேன்.

இரவு எண்ணெய் தடவ வந்தவள் விளக்கை அருகில் கொண்டுவந்தாள். "என்னங்க, உள்ளங்கால் பூராவும் கொப்புளம்! வலிக்கலையா?"

"இல்லை" என்றேன்.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் தூங்கியதும் பேனா முனையால் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். ஒன்பது விரல்கள் பதில் சொல்லவில்லை. வலது சுண்டுவிரலில் மட்டும் பழைய எரிச்சல் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

விடிந்ததும் டாக்டரிடம் போகிறேன். அதுவரைக்குமாவது அது எரியட்டும், தாயே.