அப்பா இயர்போனுக்குக் கட்டிய கயிறு

மெல்லப் பேசுகிற மகளைப் பெற்ற என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. போன சனிக்கிழமை தங்கச்சி சாந்திக்குப் புது போன் வாங்க நான், அம்மா, அவள் மூவரும் கோலசிலாங்கூர் டவுனுக்குப் போனோம். கடைக்கார அக்கா எடுத்துக் காட்டிய எந்தப் போனிலும் இயர்போன் குத்துகிற ஓட்டை இல்லை. தங்கச்சி அதைக் கவனிக்கவே இல்லை. நான்தான் ஒவ்வொரு போனையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் உங்களுக்கு வாங்கித் தந்த போனை நீங்களும் இப்படித்தான் திருப்பினீர்கள். மேலே, கீழே, பக்கவாட்டில். பிறகு என்னிடம் நீட்டி, "ஓட்டைய அடைச்சிட்டானுங்க பாப்பா. மாத்திக் கேளு" என்றீர்கள். இப்போதெல்லாம் இப்படித்தான் வருகிறது என்று நான் சொன்னதை நீங்கள் கடைசிவரை நம்பவில்லை.

உங்களுக்கு இயர்போன் ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. இருபத்திரண்டு வருடம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காட்டில் புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவர் நீங்கள். அந்த இரைச்சல் உங்கள் காதை அரித்துத் தின்றது வீட்டில் யாருக்கும் தெரியாது. காரணம் நான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே குரல் எழும்பாது. நான் சொல்வது உங்களுக்குக் கேட்காவிட்டால் அம்மா என்னைத்தான் ஏசுவார். "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? சத்தமா பேசு லா." நானும் குறை என்னுடையது என்றே நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், இல்லையா?

பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வருடம் என் பழைய வயர் இயர்போனை வீட்டில் விட்டுவிட்டேன். பத்து மணி தேத்தண்ணி நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து, அதை மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிடுவீர்கள். அப்படிக் கூப்பிட்ட முதல் நாள் நான் பேசி முடித்ததும் நீங்கள் ஆச்சரியமாகக் கேட்டீர்கள்.

"உன் குரலு நல்லாத்தானே இருக்கு பாப்பா. மெல்லமா பேசுறன்னு எவன் சொன்னான்?"

நான் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. குறை என் வாயில் இல்லை.

கிளினிக்குக்கு வரச் சொன்னால் வரமாட்டேன் என்றீர்கள். கிழவர்கள்தான் காதில் மெஷின் மாட்டுவார்களாம். அந்த வயர் ஓலை முள்ளில் மாட்டிப் பிய்ந்தது. ஒரு பக்கம் செத்துப்போனது. மறுபக்கத்தை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கேட்டீர்கள். உங்கள் போன் கால்வாயில் விழுந்த பிறகு, பகுதி நேரமாக வேலை செய்து ஓட்டையில்லாத அந்தப் போனும் வயர் இல்லாத இயர்பட்ஸும் வாங்கி வந்தேன். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது: "கயிறு இல்லாம விட்டா எந்த மாடு வீட்டுல நிக்கும்?"

நீங்கள் சொன்னதுதான் நடந்தது. ஒரே வாரத்தில் ஒன்று புல்லுக்குள் விழுந்துவிட்டது. உங்களோடு வெட்டிய நாலு பேரும் மெஷினைப் போட்டுவிட்டு மதியம்வரை முட்டி போட்டுத் தேடினார்களாம். கிடைத்ததும் நேரே மீனவர் ஊரான பாசிர் பெனம்பாங்குக்குப் போய், வலை பின்னுகிறவரிடம் பச்சை நைலான் கயிறு கேட்டு வாங்கி வந்து, இரண்டையும் சேர்த்து மாட்டுக்குப் போடும் முடிச்சாகவே போட்டீர்கள். வயர் வேண்டாம் என்று உலகம் கழற்றிப் போட்டதை நீங்கள் திரும்பக் கட்டினீர்கள்.

கயிறு கட்டிய அந்த இயர்பட்ஸில் உங்களுக்கு இன்னொன்றும் செய்து கொடுத்தேன். போனைச் சட்டைப் பையில் வைத்தால் அது சுற்றியுள்ள சத்தத்தைப் பிடித்துப் பெரிதாக்கிக் காதுக்கு அனுப்பும். முதல் நாள் வீடெல்லாம் சுற்றி வந்தீர்கள். குக்கர், காற்றாடி, தகரக் கூரைமேல் பூனை. கடைசியில் அம்மாவைப் பார்த்து, "உன் குரலு இவ்ளோ கடுப்பா? தெரிஞ்சிருந்தா மாட்டியிருக்கவே மாட்டேன்" என்றீர்கள். அம்மா இரண்டு நாள் சிரித்தார்.

அப்பா, இனி எழுதப்போவதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

என் பட்டமளிப்பு விழாவுக்கு நீங்கள் புதுச் சட்டையில் வந்தீர்கள். கழுத்தில் பச்சைக் கயிறு தொங்கியது. மண்டபத்து வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என்னோடு படித்த ஷர்மிளா என் காதருகே வந்து, "உங்கப்பா இயர்பட்ஸுக்குத் தாலி கட்டியிருக்காரு லா" என்றாள். கெட்டவள் இல்லை. சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அங்கே நின்ற அத்தனை பேரும் உங்கள் கழுத்தையே பார்ப்பதுபோல எனக்குத் தோன்றிவிட்டது.

உங்களிடம் வந்து, "கழட்டிக் குடுங்கப்பா. படத்துல நல்லா இருக்காது. நான் வச்சிருக்கேன்" என்றேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கழற்றி, கயிறு சிக்காமல் சுற்றி, என் கையில் வைத்தீர்கள். நான் அதைக் கைப்பையில் போட்டேன். படம் எடுத்தோம். உடனே வரிசைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பையைத் தோழி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு அங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மேடைப் படியில் கால் வைத்தபோதுதான் உங்கள் இயர்பட்ஸ் அந்தப் பையிலேயே இருப்பது ஞாபகம் வந்தது.

வெளியே வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன். "என் பேரு கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சே. நல்லா கணீர்னு கேட்டுச்சு."

நான் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சாந்தி புது இயர்பட்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அம்மாவுக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டே, "அன்னைக்கு உங்கப்பனுக்கு ஒரு பேரும் கேக்கல" என்றார். அம்மா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். மண்டபத்தின் மாடி இருக்கையிலிருந்து பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அங்கியில் ஒரே மாதிரி தெரிந்தார்களாம். என் பெயர் வந்ததும் உங்கள் தொடையில் தட்டிச் சொல்வதாக அம்மா சொன்னாராம். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"நீ சொல்றதுக்குள்ள அவ எறங்கிப் போயிருவா."

அதனால் முதல் பிள்ளையிலிருந்தே கை தட்டத் தொடங்கினீர்களாம். ஒவ்வொரு பெயருக்கும். மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, யாராக இருந்தாலும். பின்வரிசையில் இருந்த ஒரு தமிழ்க்காரர் அம்மாவிடம், "உங்களுக்கு மொத்தம் எத்தன புள்ளைங்கம்மா?" என்று கேட்டாராம். என் பெயர் வந்து, அம்மா உங்கள் தொடையில் தட்டிச் சொன்ன பிறகும் நீங்கள் நிறுத்தவில்லையாம். மற்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்றீர்களாம்.

நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. ஏன் அப்பா பொய் சொன்னீர்கள்? கழுத்திலிருந்து கழற்றச் சொன்ன காரணம் உங்களுக்குத் தெரிந்துதான் இருந்ததா? கேட்டிருந்தாலும் நீங்கள் வேறு பேச்சுக்குத்தான் போயிருப்பீர்கள்.

இப்போது நான் கிள்ளானில் வேலை செய்கிறேன். காலை பஸ்ஸில் எல்லார் காதிலும் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. முன்பு வயர் தொங்கினால் அந்த ஆள் பாட்டுக் கேட்கிறார் என்று தெரியும். இப்போது யார் கேட்கிறார்கள், யாருக்குக் கேட்கவில்லை என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதனால் பக்கத்தில் வயதானவர் யாராவது உட்கார்ந்தால் கொஞ்சம் சத்தமாகவே பேசப் பழகிவருகிறேன்.

அடுத்த மாதம் சாந்திக்கு டிப்ளோமா கொடுக்கிறார்கள். உங்கள் இடத்தில் அம்மாவோடு நான் உட்காரப்போகிறேன். கூட்டத்தில் என் கை ஓசை யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று இதுவரை விரல் நுனியால் மட்டும் தட்டியவள் நான். அன்றைக்கு முதல் பெயர் வாசிக்கும்போதே தொடங்கிவிடுவேன் அப்பா. தங்கச்சி இறங்கிப் போன பிறகும், கடைசிப் பிள்ளை மேடையை விட்டு இறங்கும்வரை நிறுத்தமாட்டேன். திரும்பிப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
புல் வெட்டுகிறவர் பெற்ற மூத்த மகள்,
மலர்விழி