வடக்கில் விற்காத பாட்டில்கள்

மார்ச் 4, செவ்வாய்

வடக்கு மண்டலத்தில் எங்கள் பெரிய ஷாம்பு பாட்டில் விற்பனை மூன்றாவது மாதமாக இறங்கியிருக்கிறது. தெற்கில் ஏறுகிறது. ஒரே விலை, ஒரே விளம்பரம். மேலாளர் வடக்கு விற்பனைக்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டார். "அந்த ஆளுக்கு வயசாயிடுச்சும்மா. கடை கடையா ஏறி இறங்க முடியல. நேர்ல போய்ப் பார்த்து ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மற்றது என்ன என்று நான் கேட்கவில்லை. தெரியாதா என்ன.

மார்ச் 6

ஒரு வேலையும் ஓடவில்லை. முகம் தெரியாத ஒருவரின் பிழைப்பு என் இரண்டு பக்கத்தில் இருக்கிறது.

மார்ச் 10

வடக்கே வந்து விற்பனைக்காரரோடு பதினெட்டுக் கடை ஏறினேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. எங்கும் பெரிய பாட்டில் தூசி படிந்து நிற்கிறது. முன்னால் தொங்கும் சின்ன பாக்கெட் சரம் மட்டும் தீர்ந்துவிடுகிறது.

"தலைக்குக் குளிக்கறதை யாரும் விடல மேடம். மொத்தமா வாங்கறதைத்தான் விட்டுட்டாங்க," என்றார்.

இங்கே டயர் தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்ட் ஒன்றாகிவிட்டது. வட்டி ஏறி வீட்டுக்கடன் தவணையும் கூடியிருக்கிறது. தெற்கில் வெளிநாட்டுச் சம்பளம் வருகிறது. நம் நாணயம் சரியச் சரிய அங்கே கையில் கூடுதலாகக் கிடைக்கிறது. இதில் இந்த மனிதர் என்ன செய்வார்?

மார்ச் 11

தங்கை வீடும் இதே ஊரில்தான். போனில் எப்போதும் "நல்லா இருக்கோம்க்கா" என்பாள். இன்று அவள் குளியலறையில் பாதி ஷாம்புவோடு, ஓரம் மடித்து கிளிப் மாட்டிய பாக்கெட்.

"டயர் ஃபேக்டரில அவருக்கு இப்ப மாசத்துல பன்னெண்டு நாள்தான் வேலை."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ பணம் அனுப்புவே. அப்புறம் அவர் மூஞ்சியை நான்ல பார்க்கணும்."

மூன்று மாதமாக அந்த இறங்குகோட்டைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவளும் அதில் இருப்பாள் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லையே — ஏன்?

மார்ச் 13

எழுதிவிட்டேன். இரண்டல்ல, ஏழு பக்கம். குறை ஆளிடம் இல்லை, ஊரின் வருமானத்தில். ஒரு வருடத்துக்குள் மீளாது என்றும் சேர்த்தேன்.

மார்ச் 20

மேலாளர் பாராட்டினார். "பிரமாதமா எழுதியிருக்கீங்க. ஒரு வருஷம் மீளாதுன்னா அங்க கிடங்கு எதுக்கு?"

மூடப்போகிறார்கள். நானா இதை எழுதிக் குடுத்தேன்? அந்த ஒத்தை வரிய விட்டிருந்தா? அவரைக் காப்பாத்தப் போயி, இப்ப அவரோட சேர்த்து கிடங்குல இருக்கற அஞ்சு பேருக்கும்...

மார்ச் 21

நானே சொல்லிவிட வேண்டும் என்று விற்பனைக்காரருக்குப் போன் செய்தேன். கேட்டுவிட்டு, "என் மேல தப்பில்லைன்னு எழுதியிருக்கீங்களே, அந்தப் பக்கத்தோட நகல் கிடைக்குமா மேடம்? அடுத்த எடத்துல காட்டணும்."

வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி. அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தங்கையும் அவள் கணவரும் காலை பஸ்ஸில் மூன்று பையோடு என் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். தெற்கே அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. மாலையே கிளம்ப வேண்டும். சாப்பிட்ட கையோடு இருவரும் அசந்து தூங்குகிறார்கள்.

தெற்கு விற்பனை மதிப்பீட்டை இரண்டு சதவீதம் கூட்டச் சொல்லி மேலாளரிடமிருந்து செய்தி. கூட்டினேன். 'காரணம்' என்ற கட்டத்தில் 'மக்கள் இடப்பெயர்ச்சி' என்று போட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். எழுப்ப மனம் வரவில்லை.