ஒரு நூல் கோணல்

மார்ச் 3, ஞாயிறு

பதினோராவது கப்பலுக்கு இன்று அடிமரம் வைத்தோம். இரட்டைப் பாய்மரச் சரக்குக் கப்பல், மேஜை மேல் வைக்கிற அளவு மாதிரி. படம் ஒரு பழைய காலண்டரில் கிழித்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். அளவு, வரைபடம் எதுவும் கிடையாது. படத்தைப் பார்க்க வேண்டியது, கட்டையைப் பார்க்க வேண்டியது, செதுக்க வேண்டியது.

மாப்பிள்ளை, மகள் வீட்டுக்காரர், வந்திருந்தார். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் கப்பலுக்கு விலா எலும்பு மாதிரி நிற்கிற விலாக்கட்டை ஒவ்வொன்றுக்கும் அளவு துல்லியமாக வந்துவிடுமாம். மெஷினில் கொடுத்தால் வெட்டித் தந்துவிடுமாம். ஒரு மாதத்தில் கப்பல் தயார் என்றார்.

மச்சான் பாய்த்துணியை மடித்துக்கொண்டே சொன்னான்: "ஒரு மாசத்துல முடிஞ்சிட்டா, மிச்ச ஞாயித்துக்கிழமையெல்லாம் உங்க மாமனார் யாரைத் திட்டுவாரு மாப்ள?"

சிரித்தோம். ஆனால் அதில் பாதிதான் விளையாட்டு.

மச்சான் என் மனைவிக்குத் தம்பி. தையல்காரன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குடித்தே கடையை மூடப் பார்த்தான். மற்ற நாளில் ஏதோ ஓட்டிவிடுவான், ஞாயிற்றுக்கிழமை வந்தால் போச்சு. அப்போது அவள்தான் என்னிடம் சொன்னாள்: "உங்க மரக்கடையில துண்டுக் கட்டை குமிஞ்சு கிடக்குதே. அவனை உக்கார வெச்சு எதையாவது செய்யுங்க. கை சும்மா இருந்தாத்தான் அது கிளாஸைத் தேடுது." லாபமில்லாத வேலைக்கு என் ஆயுசில் நான் உட்கார்ந்தது அது ஒன்றுக்குத்தான். கப்பலைத் தேர்ந்தெடுத்தது, அதைக் கட்ட நாளாகும் என்பதால். வேறு காரணம் இல்லை. எங்கள் இருவரில் ஒருவனும் கப்பலில் ஏறியதில்லை.

முதல் கப்பல் வாத்து மாதிரி இருந்தது. ஆனால் அது முடிவதற்குள் அவன் குடியை விட்டிருந்தான்.

அவள் போய் நாலு வருஷம். கடைசியாக என்னிடம் கேட்டது, "தம்பியை விட்டுடாதீங்க." சரி என்றேன்.

மார்ச் 6, புதன்

தேக்கு லோடு வந்தது. நாலு பலகை வளைசல் என்று கழித்தேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

விலாக்கட்டை பதினெட்டும் ஏறிவிட்டது. எல்லாம் மச்சான் வெட்டியது. துணி வெட்டிப் பழகிய கை, ரம்பத்தைக் கொடுத்தாலும் கட்டை துணி மாதிரியே வெட்டுப்படும்.

கப்பலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி, இடது கண்ணை மூடிக்கொண்டு, முனையிலிருந்து வால்வரை ஒரு பார்வை பார்த்தேன். பலகையையும் இப்படித்தான் பார்ப்பேன், ஆளையும் இப்படித்தான். சுமை இறக்கிக்கொண்டிருந்த என்னைப் பழைய முதலாளி பலகை தரம் பார்க்க உட்கார வைத்தது இந்தப் பார்வைக்காக. மற்றவர்கள் சொந்தக் கடை வைக்க அப்பன் சொத்தை முதலாகப் போட்டார்கள். எனக்கு வலது கண்தான் முதல்.

நடுவில், ஒன்பதாவது விலா இடப்பக்கம் பிதுங்குகிறது. ஒரு நூல் இருக்கும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மச்சானிடம் காட்டினேன். தாடையைத் தடவிக்கொண்டு பார்த்தான். "எனக்கு நேராத்தான் தெரியுது அத்தான்" என்றான். ஆனாலும் கழற்றிவிட்டு வேறு வெட்டினான்.

மார்ச் 24, ஞாயிறு

புதியதும் பிதுங்குகிறது. பத்தாவதும்தான். என்ன ஆச்சு இவனுக்கு?

ஏப்ரல் 7, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் நாலு மணி. ஒன்பதாவதை மூன்றாம் தடவையாக வெட்டி வைத்தான். தூக்கிப் பார்த்தேன். அதே இடம், அதே பிதுக்கம்.

"கோணல்டா."

"இல்ல அத்தான். நேரா இருக்கு."

"அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா?"

"நான் அப்படிச் சொல்லல. தையல்காரன் கண்ணு, எனக்கும் கொஞ்சம் தெரியும்ல."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் எங்கேயோ சுருக்கென்றது. எழுந்து அவன் முகத்துக்குக் கிட்டே போய் மோந்து பார்த்தேன். "மறுபடி ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

சோப்பு வாசனைதான் வந்தது. வந்த பிறகும் என் வாய் நிற்கவில்லை. "கேக்க அக்கா இல்லேன்னு தைரியமா?" என்றும் கேட்டுவிட்டேன்.

சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து டப்பாவில் போட்டான். டப்பாவை மூடினான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். கதவைச் சாத்தியபோது சத்தமே இல்லை. படாரென்று சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 8, திங்கள்

அவனாவே வருவான். நான் எதுக்குப் போகணும்?

ஏப்ரல் 14, ஞாயிறு

வரவில்லை.

நானே உட்கார்ந்தேன். நடுவில் இருந்த நாலு விலாவையும் கழற்றி எறிந்துவிட்டு, வேறு வெட்டிப் போட்டேன். இழைப்புளி பிடித்து, பார்த்துப் பார்த்து இழைத்தேன். மதியச் சாப்பாட்டை மறந்து போனேன். கடைசியில் தூக்கிப் பார்த்தால் அம்பு மாதிரி நேர். அதன் மேல் உடம்பை மூடுகிற மரப்பட்டைகளையும் ஒட்டி இழைத்துவிட்டேன்.

வந்து பார்க்கட்டும், யார் கண் சரி என்று.

ஏப்ரல் 19, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

மில்காரர் பலகை லோடு கொண்டு வந்தார். இருபது வருஷப் பழக்கம். ஒன்பது பலகையைக் கழித்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "மொதலாளி, கோவிச்சுக்காதீங்க, போன மாசமும் இப்படித்தான் பண்ணீங்க. ஒரு தடவை நரம்பு பிடிச்சுப் பாத்துடலாமா?" என்றார். நைலான் நரம்பைப் பலகையின் இரண்டு முனையிலும் ஆட்கள் முறுக்கிப் பிடித்தார்கள். "பாருங்க, நடுவுல ஒரு முடி நுழையாது."

குனிந்து, இடது கண்ணை மூடிப் பார்த்தேன். பலகை நடுவில் வளைந்திருந்தது. அதன் மேல் கிடந்த நரம்பும் அதே இடத்தில், அதே அளவுக்கு வளைந்திருந்தது.

இழுத்துக் கட்டிய நரம்பு எப்படி வளையும்?

கண்ணை மாற்றினேன். வலதை மூடி இடதால் பார்த்தேன். இரண்டும் நேர்.

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதையும் இறக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். ஆண்டவனே, மூணு தடவை வெட்ட வெச்சேனே.

ஏப்ரல் 20, சனி

காலையில் கப்பலை ஜன்னலுக்குக் கொண்டுபோய் இடது கண்ணால் பார்த்தேன். வெள்ளரிப்பிஞ்சு மாதிரி வளைந்து கிடக்கிறது. இடப்பக்கம் இழைத்து இழைத்து ஓர் இடத்தில் வெளிச்சம் தெரிகிறது.

கழிவுப் பெட்டியைக் கவிழ்த்து, மச்சான் வெட்டிய ஒன்பதாவது விலாக்கள் மூன்றையும் தேடி எடுத்தேன். ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தேன். இம்மி பிசகில்லை. நான் திட்டத் திட்ட, மூன்று தடவையும் அவன் சரியாகவே வெட்டியிருக்கிறான்.

ஏப்ரல் 22, திங்கள்

கண் டாக்டர் அம்மா கட்டம் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணுக்கு நடுக் கட்டங்கள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தன. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டிருக்கிறதாம். கண்ணுக்குள் ஊசி போடுவார்களாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

எனக்கு இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டு கண்ணும் தெறந்திருந்தா நல்ல கண்ணு கெட்டதோட குறையை மறைச்சிடும்யா. ஒத்தைக் கண்ணால பாக்கறவங்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்."

நான் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவன்தான். எனக்கு வித்தியாசம் தெரிந்தது. அதை மச்சான் தலையில் கட்டினேன்.

நல்ல கண் மறைத்துவிடுமாம். என் மனைவி இருந்தவரை என் குணமும் அப்படித்தான் ஊருக்குத் தெரியாமல் ஓடியது.

ஏப்ரல் 23, செவ்வாய்

மச்சான் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருஷத்தில் அவன்தான் என் வீட்டுக்கு வருவானே தவிர, நான் அங்கே போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். இரண்டு மாடி ஏறிப் போனால் அவன் இல்லை. மச்சான் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, கதவைப் பாதி திறந்து நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

கண் சமாச்சாரத்தைச் சொன்னேன். பிசகு என்னுடையது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அன்னிக்கு உங்க வீட்டுலருந்து நேரா வரல அண்ணே. வரும்போதே வாசனையோடதான் வந்தாரு. பன்னெண்டு வருஷம் அந்த வாசனை இல்லாமத் தூங்குனேன்."

கண் ஊசி எப்போது என்று கேட்டாள். சொன்னேன். "பாத்துப் படியிறங்குங்க" என்றாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 29, திங்கள்

தையல் கடைக்கே போனேன். மச்சான் மெஷினில் உட்கார்ந்திருந்தான், தைக்கவில்லை. கண் சிவந்திருந்தது. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. எழுந்து எனக்கு ஸ்டூல் போட்டான். அந்த மரியாதை என்னைக் கொன்றது.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். வியாபாரத்தில் தப்பு நடந்தால் சரக்கை மாற்றிக் கொடுப்பேன், அதோடு முடிந்தது. இதற்கு எதை மாற்றிக் கொடுப்பது? விலாக்கட்டை மூன்றையும் பையிலிருந்து எடுத்து அவன் மேஜையில் வைத்தேன். "மூணுமே சரிடா. என் கண்ணுதான் கெட்டுப்போச்சு. தப்பு பண்ணிட்டேன்."

ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தான்.

"கட்டையை விடுங்க அத்தான். கோணல்னு நீங்க நூறு தடவை சொல்லியிருந்தா நூறு தடவை வெட்டியிருப்பேன். ஊர்ல எல்லாரும் எங்கிட்டப் பேசறதுக்கு முந்தி ஒரு தடவை மோந்து பாப்பாங்க. இன்னிக்கு வரைக்கும். என் பொண்டாட்டிகூட. பாக்காத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

ஒருவர் சட்டை அளவு கொடுக்க வந்தார். மச்சான் டேப்பை எடுத்தபோது முனை நடுங்கியது. அன்றைக்கு இல்லாத நடுக்கம்.

மே 5, ஞாயிறு

வரவில்லை.

மே 13, திங்கள்

முதல் ஊசி. வலியைவிட, ஊசி வருவது தெரிவதுதான் கொடுமை. மகளும் மாப்பிள்ளையும் கூட வந்தார்கள். திரும்பும்போது மாப்பிள்ளை, விலாக்கட்டைகளைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தரட்டுமா, கண்ணுக்குச் சிரமம் இருக்காது என்றார். நல்ல மனசு. ஆனால் கண் போனதற்குப் பதில் கம்ப்யூட்டர் கிடைக்கும். போனது கண் மட்டுமா?

மே 26, ஞாயிறு

வந்தான்! தங்கச்சிதான் அனுப்பியிருக்க வேண்டும். காபி குடித்தான், மழை வருமா என்று பேசினான். கப்பல் பக்கம் திரும்பவில்லை. கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டான். "அடுத்த வாரம்?" என்றேன். "பாக்கலாம் அத்தான்."

வியாபாரத்தில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 2, ஞாயிறு

வரவில்லை. என் மனைவி படத்துக்கு எதிரே உட்கார முடியவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

வரவில்லை. தங்கச்சி போன் செய்தாள். புதன்கிழமை மாடிப்படியில் விழுந்திருக்கிறான். முட்டியில் தையல் போட்டிருக்கிறார்களாம். தையல்காரனுக்கே தையலா என்று தானே ஜோக் அடித்தானாம். சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

நான் இங்கே உட்கார்ந்து அவன் வருவான் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "தம்பியை விட்டுடாதீங்க" என்றுதானே என் மனைவி சொன்னாள். வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லையே.

ஜூன் 16, ஞாயிறு

கப்பலைப் பழைய போர்வையில் சுற்றினேன். இழைப்புளி, சின்ன ரம்பம், பசை, பட்டைக் கட்டு எல்லாவற்றையும் இரண்டு பைகளில் போட்டு ஆட்டோவில் ஏற்றினேன். இடது கண்ணை நம்பி இரண்டு மாடியும் ஏறினேன். மூச்சு வாங்கியது.

தங்கச்சி கதவை முழுசாகத் திறந்தாள். மச்சான் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நாலு நாள் தாடி. கிட்டே போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். வாசனை இருந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

தையல் மேஜையில் கிடந்த துணிகளை ஓரம் தள்ளிவிட்டுப் போர்வையைப் பிரித்தேன். அவன் ரொம்ப நேரம் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கினான். கை நடுங்கியது. நான் வால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஒரு கண்ணை மூடினான்.

"கோணல் அத்தான்."

"எவ்வளவு?"

"நடுவுல ரெண்டு நூல். பட்டை பூரா பிரிக்கணும்."

"சரி," என்றேன்.

பட்டை பிரிக்க ஆரம்பித்தோம். ஆறு மணிவரைக்கும் நாலு பட்டைதான் முடிந்தது. அதற்குள் இரண்டு தடவை எழுந்து வெளியே போகப் பார்த்தான். இரண்டு தடவையும் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை போனான், திரும்பி வந்தான். இன்னொரு தடவை வாசல் வரைக்கும் போய்விட்டு வந்து உட்கார்ந்தான்.

கிளம்பும்போது பைகளை எடுக்கப் போனேன். பிறகு எடுக்கவில்லை. இழைப்புளியை அவன் மெஷின் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.