மஞ்சள் சீட்டிப் புடவை

பாரிவாக்கம்
12-7-1937

மதிப்புக்குரிய டீச்சரம்மாவுக்கு வடிவு வணக்கத்துடன் எழுதுவது.

நீங்களும் ஐயாவும் சுகந்தானே? சனிக்கிழமை உங்கள் மாதர் சங்கத்துக்கு வராததற்குக் கோபிக்க வேண்டாம். அங்கே வரும் ஏழைக் குழந்தைகளைக் குளிப்பாட்ட ஆளில்லாமல் திண்டாடியிருப்பீர்கள். வேம்புலியம்மாள் குழந்தைக்குச் சிரங்கு ஆறியதா?

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் பெரியவளாகிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. துணியை ஏரிக்கரையில் அலசி, முள்வேலியில் காயப்போட்டு எடுத்துவந்தேன். தெரிந்தால் அன்றோடு வெளியே போவது நின்றுவிடும். அம்மாவின் தம்பி கோதண்டம் மாமா, ஆவடி ரயிலடியில் மூட்டை தூக்குகிறவர், பெண்டாட்டி செத்ததிலிருந்து இதற்காகத்தான் காத்திருக்கிறார். அவரைப் பார்த்தாலே எனக்குப் பயம். தாதி வேலை படிக்க அனுப்புகிறேன் என்றீர்களே, அதுவரை மறைத்துவிடுவேன்.

தயிர்க்காரக் கன்னியம்மாவிடம் பதில் கொடுங்கள். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது.

தங்கள் பிள்ளை,
வடிவு


பூந்தமல்லி
14-7-1937

அன்புள்ள வடிவுக்கு, ஆசீர்வாதம்.

உன் கடிதம் பார்த்து அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. அசடே, பெற்றவளிடம் இதை எத்தனை நாள் மறைப்பாய்? மாமா விஷயத்தை என்னிடம் விடு.

கிறிஸ்தவ வேதக்காரர்கள் என்று உன் அம்மா எங்களை எட்டத்திலேயே வைத்திருக்கிறார். வெறுங்கையோடு வந்து புத்தி சொன்னால் கேட்பாரா? சங்கத்துப் பெண் பெரியவளானால் அவள் வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதென்று போன மாதம்தான் முடிவு செய்தோம். முதல் தாம்பாளம் உனக்குத்தான். புட்டு, எள், வெல்லம், நல்லெண்ணெய், ஒரு மஞ்சள் சீட்டிப் புடவை. வெள்ளிக்கிழமை காலை, தையல் சொல்லித்தரும் தெரசாவும் நானும் வருகிறோம். அம்மா மனம் குளிர்ந்ததும் கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிவைக்கச் சொல்வேன். பயப்படாதே.

உன் மேல் பிரியமுள்ள,
ஞானகுமாரி


பாரிவாக்கம்
19-7-1937

டீச்சரம்மாவுக்கு வடிவு எழுதுவது.

கன்னியம்மாவுக்குக் காய்ச்சல். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வந்தது, நீங்கள் தாம்பாளத்தோடு வந்துபோன பிறகு. முன்பே வந்திருந்தால் வழியிலேயே உங்களை மறித்திருப்பேன்.

உங்கள் முன்னால் அம்மா சிரித்த முகமாக இருந்தாள். நீங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். நீங்கள் தெருக்கோடி திரும்பியதும் விறகுக் கட்டையை எடுத்தாள்.

"எவளோ சீர் கொண்டாந்து நான் தெரிஞ்சிக்கணுமா? இன்னும் இன்னாத்த மறைச்சிகினு கீறே?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். சாயங்காலமே மாமாவுக்கு ஆள் போனது.

அவர் கட்டிய பச்சை ஓலைக் குடிசைக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உடுத்தியிருப்பது உங்கள் புடவைதான். ஆவணி முதல் முகூர்த்தத்தில் அவருக்கும் எனக்கும் கல்யாணம். நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தீர்கள், தெரியும். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அம்மாவுக்கு இப்போது உங்கள் சங்கத்தின் மேல் ரொம்ப மரியாதை. தெருவே மெச்சுகிறது. வருகிற சனிக்கிழமை முதல் என் தங்கை ராணியை அனுப்புகிறாள். பதினொரு வயது. குழந்தைகளை நன்றாகக் குளிப்பாட்டுவாள். உங்களிடம் எதையும் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

வடிவு