விலை நிலவரம் வாசித்த பெட்டிகள்

மாப்ள,

நேற்றுக் காலை உன் வீட்டு முன்னறையில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. நீண்ட ஆலோசனைக்கும் ஒரு சுற்றுக் காப்பிக்கும் பிறகு, உன் இரண்டு ஸ்பீக்கர்களின் முகத்துணியையும் கழற்றிப் பார்ப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். கூட்டத்தில் இருந்தவர்கள் உன் மனைவி, வாங்குவதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், நான். மறுத்திருக்கக்கூடியவன் நீ ஒருவன்தான். நீ போன தவக்காலத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குக் குடிபோய்விட்டாய்.

துணி கழன்றதும் சொலுஷன் வாடை அடித்தது. சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற அதே சொலுஷன். ஸ்பீக்கர் ஓரத்து ஆட்டுத்தோலை நீ அதால்தான் ஒட்டுவாய். கணக்கு நடத்தும்போதும் உன் விரல்களில் அது இருக்கும். பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்திய எனக்கு ஜன்னல் வழியாக வரும். நம் மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கணக்குக்கே அந்த வாடைதான் என்று நினைத்திருக்கலாம்.

கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது இந்த இங்கிலாந்துப் பெட்டிகளை வாங்கி வந்தாய். உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. கிழிந்த ஸ்பீக்கர்களை எடுத்துவிட்டு வேறு ஸ்பீக்கர்களைத் தேடி மாட்டினாய், தோல் ஒட்டினாய், பெட்டிக்குத் தேக்குப் பலகை பதித்தாய். எத்தனை வருடம் என்று கேட்டால் உன் மனைவி ஒரு பெருமூச்சில் சொல்வாள்.

அதன் பிறகுதான் ஊர் உன்னை மதிப்பீட்டாளராக்கியது. ஞாயிறு பூசை முடிந்ததும் யார் வீட்டுப் பழைய ஸ்பீக்கரையாவது பார்க்கக் கிளம்புவோம். நீ ஒரு நாளும் பாட்டுப் போட்டுக் கேட்டதில்லை. "பாட்டு நல்லா இருந்தா ஸ்பீக்கரை மன்னிச்சுருவோம், மாப்ள. வெலை நெலவரம் வாசிக்கட்டும்" என்பாய். வானொலியில் கத்தரிக்காய், வெண்டைக்காய் என்று வாசித்து முடிக்கும் வரை வீட்டுக்காரர்கள் பொறுமையாக நிற்பார்கள்.

செல்லூரில் ஒரு தறிக்காரர் வீட்டில் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றாய். அந்த மனுசரும் தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டார். சந்து அமைதியானதும் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து, யார் போய்விட்டது என்று கேட்டார்கள். நீ கையை உயர்த்தி அவர்களையும் நிற்கவைத்தாய். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தக்காளி விலை கேட்டுக்கொண்டு நின்றார்கள். முடிந்ததும் தீர்ப்புச் சொன்னாய்: "வாசிக்கிற அம்மாவுக்குச் சளி பிடிச்சிருக்கு. அது தெரியுதுல்ல, அப்ப இது நல்ல ஸ்பீக்கரு."

நீ போன பிறகு அந்த வேலை என்மேல் விழுந்தது. உன்னோடு சும்மா வந்தவன் என்பதே என் தகுதி. எனக்கு இடது காது மந்தம். செத்துப்போனவர்களின் சாமான்களுக்கு முன்னால் உட்கார்ந்து தலையாட்டி அலுத்துவிட்டது, மாப்ள. ஆனாலும் உன் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? உன் மனைவி டி. கல்லுப்பட்டியில் மகளோடு இருக்கப் போகிறாள். இந்தப் பெட்டிகளுக்கு ஒரு வழி பண்ண வேண்டும்.

கோயம்புத்தூர்க்காரர் மரியாதையானவர். செருப்பை வெளியே விட்டு, டார்ச்சை அடித்து, திருகுகளைப் பார்த்தார். வானொலியைப் போடட்டுமா என்று கேட்டேன். கேட்க வேண்டியதில்லை, போட்டோ எடுத்தால் போதும் என்றார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்காருங்க. ஆனா ஒரிஜினல் இல்லீங்களே."

இந்தப் பழம்பொருள் சந்தையின் நியாயத்தைப் பொறுமையாக விளக்கினார். கெட்டுப்போய்க் கிடந்தால் ஒரு விலை. சரி செய்தால் அதைவிடக் குறைவு. நன்றாகச் சரி செய்தால் இன்னும் குறைவு. கழற்றிய பழைய ஸ்பீக்கர்கள் இருந்தால் பேசலாம் என்றார்.

உன் மனைவி உள்ளே போய், கிறிஸ்துமஸ் முறுக்குப் போட்டு வைக்கும் பெரிய டின்னைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். எலி தின்றது போக மிச்சம் இரண்டும் அதில் இருந்தன. காந்தத்தின் பின்னால் கம்பெனி முத்திரை. அவர் முகத்தில் வந்த பக்தியை நம் கோயிலில்கூட அதிகம் பார்த்ததில்லை. இவற்றைப் பெட்டிக்குள் திரும்ப மாட்டி, தேக்கைச் சுரண்டி எடுத்துவிட்டால் பழைய நிலை வந்துவிடும் என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப அவரு செஞ்சதுதான் இதுல கோளாறு. அப்படியாண்ணே?"

மதிப்பீட்டாளன் மந்தமான இடது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பெட்டியைத் தர முடியாது, டின்னில் உள்ளதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். அவர் நல்லவர், எச்சரித்தார்.

"இது போயிருச்சுன்னா அந்தப் பெட்டிக்கு வெலையே இல்லீங்கம்மா."

"நல்லதாப் போச்சு தம்பி. இனி யாரும் கேட்டு வர மாட்டாங்கள்ல."

எலி தின்றதைத் துண்டில் சுற்றி, குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு அவர் சந்தோஷமாகப் போனார். உன் மனைவி முகத்துணிகளைத் தானே மாட்டினாள். மடிப்பு விழாமல் இழுத்து, மூலைக்கு மூலை விரலால் அழுத்தினாள். நீ அப்படித்தான் செய்வாய் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

மகள் வீட்டில் இடம் இல்லை. மாலையில் ஒரு லோடு ஆட்டோ பிடித்து இரண்டையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் முன்வாசல் கதவு இப்போது பாதிதான் திறக்கிறது.