நித்யாவின் ஜன்னல் படம்

அக்டோபர் 12, ஞாயிறு. சன்னிவேல்.

கோபம் இன்னும் அடங்கவில்லை. விக்டோரியா மகாராணி காலத்துப் பெண் ஒருத்தி தன் மகள்களை ஜன்னலோரம் நிறுத்தி எடுத்த படங்களை மியூசியத்தில் பார்த்த ஆசையில், நானும் என் பெண்களை அப்படி ஒரு படம் எடுத்தேன். பெரியவள் நித்யா ஈரத் தலையை விரித்துப் போட்டு நிற்கிறாள். சின்னவள் அவள் தோளில் சாய்ந்திருக்கிறாள். எங்கள் மூவருக்கு மட்டுமான படம்.

இவர் என்னைக் கேட்காமல், படத்தில் சின்னவள் இருந்த பக்கத்தை வெட்டிவிட்டு, அதை சான் ஹோசேயில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். இன்று மத்தியானம் பையனின் அம்மா போன் செய்தாள்.

"பொண்ணு கொஞ்சம் டல்லா தெரியறா. நல்ல லைட்டிங்ல வேற ஒண்ணு எடுத்து அனுப்புங்களேன்."

"அது உங்களுக்காக எடுத்தது இல்லைங்க. டெலீட் பண்ணிடுங்க" என்று வைத்துவிட்டேன்.

"ஒரு போட்டோவுக்கு இவ்ளோ சீனா? நல்ல எடம்டி!" என்று இவர் கத்தினார்.

"அவ கலரைக் காட்டி விக்கவா நான் படம் எடுத்தேன்?"

நித்யா மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அம்மா, டூ ஐ லுக் தட் டார்க்?" என்றாள்.

இல்லை என்றால், கறுப்பு ஒரு குறை என்று அந்த அம்மாள் நினைப்பது சரியென்று ஆகிவிடும். "ஆமா, அழகா இருக்கே" என்றேன். அவள் நம்பவில்லை. சாப்பிடவும் இறங்கி வரவில்லை.

இவர் ரசம் கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை.